புதுக் கேம் போட்ட இஞ்சின்: சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய காடிகள் (கார், வேன்) இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. லயத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லைட்ஏஸ் வேன், அப்பா காலத்து டட்சன் 120ஒய், இளவட்டங்கள் தேடிப் பிடித்து வாங்கும் டொயோட்டா கொரோலா கேஇ70. இவற்றில் எல்லாம் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட், இஞ்சின் பிளாக்கின் உள்ளே இருக்கும். அதன் மூக்குமேல் (புடைத்த பகுதி) தட்டை டேப்பட் என்ற சிறு உருளை உரசி ஓடும், அங்கிருந்து புஷ்ரோட் என்ற நீளக் கம்பி மேலே போய், வால்வைத் திறக்கும் ரோக்கர் என்ற நெம்புகோலைத் தட்டும். இந்த வகை இஞ்சினில் புதுக் கேம் மாட்டிய முதல் இருபது நிமிடம் சரியாகப் போய்விட்டால் அப்புறம் பல வருடத்துக்குக் கவலை இல்லை. அதில் தவறினால் ஒரு வாரத்துக்குள் காடி என் கடை வாசலில் நிற்கும். "அண்ணே, புதுக் கேம்தான் போட்டோம், டிக் டிக்குன்னு சத்தம் வருது."

சாகா, கஞ்சில், மைவி கார் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை. அவற்றில் கேம் ஹெட்டின் மேல் இருக்கிறது, கதையே வேறு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்வி

பானட்டைத் திறப்பதற்கு முன் நான் மூன்று விஷயம் கேட்பேன். என்ன ஆயில் ஊற்றினீர்கள்? முதல் ஸ்டார்ட்டில் எவ்வளவு நேரம் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடியது? டேப்பட்டும் புதுசா, பழசா?

டேப்பட் கேள்விக்குப் பதில் "பழசு, பார்க்க நல்லாத்தான் இருந்தது" என்று வந்தால் மேற்கொண்டு தேட வேண்டியது அதிகம் இல்லை. பழைய டேப்பட் பழைய கேமோடு பழகியது, அதாவது உரசி உரசி அதற்கே பொருந்திக்கொண்டது. புதுக் கேமில் வைத்தால் இரண்டும் கெடும். பழைய கேமையே கழற்றித் திரும்ப மாட்டும்போதுகூட ஒவ்வொரு டேப்பட்டும் அது இருந்த அதே துளைக்குத்தான் போக வேண்டும். முட்டை அட்டையில் எண் எழுதி அடுக்கி வைத்தால் மாறாது.

ஸ்லோவில் ஓடியது ஏன் முக்கியம்? கேமின் மூக்குக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறித்துத்தான் போகிறது. ஸ்லோவில் தெறிப்பு போதாது. ஸ்டார்ட் ஆன உடனே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2000க்கும் 2500க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில் பிடித்து வைக்கவும் கூடாது. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி ஸ்லோ அழகாக நிற்கிறதா என்று பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு.

ஆயில் தவறா என்று தெரிந்துகொள்ள

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைப் படிக்கிறேன். 5டபிள்யூ-30 என்ற கிரேடும், எஸ்என் அல்லது எஸ்பி என்ற தரக் குறியும் இருந்தால் அது புதுக் காடிக்கு நல்ல ஆயில், இந்த வேலைக்கு ஆகாது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடக்கூடாது என்பதற்காக, 2004ல் வந்த எஸ்எம் தரத்திலிருந்து இந்த மாதிரி மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ கட்டு போட்டிருக்கிறது. தட்டை டேப்பட்டைக் காப்பாற்றுவது சிங்க், பாஸ்பரஸ் இரண்டும் சேர்ந்த இசட்டிடிடிபி என்ற மருந்துதான். பாஸ்பரஸுக்குக் கட்டு போட்டால் அதுவும் குறைகிறது.

ஆயில் விலை அதிகமாக இருந்தால் இஞ்சினுக்கு நல்லது என்ற நினைப்பு நம் ஊரில் பலருக்கும் உண்டு. ஃபுல்லி சிந்தெட்டிக் வாங்கி ஊற்றி, "நல்லதுதானே போட்டேன்" என்று வருத்தப்படுவார்கள். கேம் பழகும் நேரத்துக்கு அது வேண்டாம், மினரல் ஆயிலே போதும்.

'பிரேக்-இன்' என்று அச்சிட்ட ஆயில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் லோரிக்குப் போடும் 15டபிள்யூ-40 மினரல் டீசல் ஆயில், பின்பக்கம் சிஐ-4 என்று இருக்க வேண்டும். தோட்டத்து டிராக்டருக்கு வாங்கி வைத்திருப்பார்களே, அதேதான். பெட்ரோல் இஞ்சினில் டீசல் ஆயிலா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தப் பழைய இஞ்சின்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதுவும் கிடைக்காவிட்டால் 20டபிள்யூ-50 மினரல், கூடவே பழகும் காலத்துக்கென்று விற்கும் சிங்க் மருந்து ஒரு பாட்டில். பிரேக்-இன் ஆயிலில் மருந்து ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் இன்னொரு பாட்டில் ஊற்ற வேண்டாம். அளவு மீறினால் அதுவும் உலோகத்தை அரிக்கும்.

முதல் அரை மணி நேரம் முடிந்ததும் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் கழற்றிவிட்டு அதே வகை ஆயிலைப் புதிதாக ஊற்றுவது. 800 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை.

கோளாறு 1: சாவி திருப்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை

இதைக் கோளாறாகவே பலர் நினைப்பதில்லை. கேமுக்கு இது ஆபத்து. கேம் மாட்டும்போது மூக்கில் தடவிய கறுப்பு மோலி பேஸ்ட்டை ஸ்டார்ட்டர் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் துடைத்தெடுக்கிறது. ஐந்து விநாடியாக இரண்டு தடவை போட்டும் பிடிக்கவில்லை என்றால் சாவியை எடுத்துவிடுங்கள்.

*செலவில்லாதது:* கார்புரேட்டர் காய்ந்திருக்கும். மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலைக் கையால் ஊற்றி வையுங்கள்.

*அடுத்தது:* டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தவறி உட்கார்ந்திருக்கும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது ரோட்டர் முதல் பிளக் வயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

*செலவு பிடிப்பது:* டைமிங் செயினில் புள்ளி தவறியிருப்பது. முன் கவரைத் திறக்க வேண்டும். இதற்குள் பலமுறை ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் கேமையும் வெளியே எடுத்து மறுபடி பேஸ்ட் தடவுவதுதான் முறை. கசப்பான வேலை, ஆனால் இன்னொரு கேம் வாங்குவதைவிட மலிவு.

கோளாறு 2: ஸ்டார்ட் ஆனது, ஆயில் விளக்கு அணையவில்லை

ஐந்தாறு விநாடிக்குள் அணையாவிட்டால் நிறுத்துங்கள். "கொஞ்சம் ரேஸ் கொடுத்தா அணைஞ்சிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டிப்ஸ்டிக் பாருங்கள். சுவிட்ச் வயர் எங்காவது பாடியில் தொட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஆயில் பம்ப். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது. கழற்றி உள்ளே வாசலின் களிம்பு அடைத்து மாட்டினால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுவதும் கேம் மாற்றும்போது பழக்கமாக இருக்க வேண்டியது.

பம்ப் பிடித்தும் அழுத்தம் இல்லையென்றால் கேம் பேரிங் ஆயில் துளை பொருந்தாமல் ஏறியிருக்கலாம். அதற்குமேல் வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. இஞ்சின் இறக்கும் போமனிடம் (மெக்கானிக்) இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கோளாறு 3: டிக் டிக்

அதிகம் வருவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஒரே சத்தத்துக்கு நாலு காரணம்.

*குளிரில் கேட்டு, சூடானதும் குறைகிறது.* எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிவாக இருக்கும். கேம் வேலைக்காகக் கழற்றி மாட்டியதில் நட்டு சரியாக இறங்கியிருக்காது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து ஸ்டார்ட் செய்யுங்கள், நுரை கிளம்பும் இடம் அதுதான். நட்டை முடுக்கினால் தீரும். இதற்காகக் கேமையே கழற்றிப் பார்த்தவரை எனக்குத் தெரியும்.

*ஹைட்ராலிக் டேப்பட் உள்ள 5கே இஞ்சின்.* இந்த டேப்பட் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும், உள்ளே காற்று இருந்தால் முதல் சில நிமிடம் சத்தம் வரும். 2000ல் ஓடும்போதே அடங்கிவிடும். 20 நிமிடம் முடிந்தும் ஒரே இடத்தில் தட்டினால் கீழே படியுங்கள்.

*கேப் தவறு.* கேப் என்பது ரோக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி, அதை அளக்க மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ். திருகி வைக்கும் ரோக்கர் உள்ள டொயோட்டா கே இஞ்சினுக்குச் சூட்டில் இன்லெட் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. மற்ற இஞ்சினுக்கு அதனதன் கையேட்டு அளவு. வெடிக்கும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் வெடிக்கும் இடத்தில் மேலே நிற்கும்போது 1ன் இரண்டு வால்வு, 2ன் இன்லெட், 3ன் எக்ஸாஸ்ட். கிராங்கை முழுச் சுற்று திருப்பி மீதி நாலு.

கேப் வைத்ததோடு நிறுத்தாமல் எட்டு எண்ணையும் எழுதி வையுங்கள். நான் ஃபில்டர் வந்த அட்டைப் பெட்டியின் உள்பக்கத்தைக் கிழித்து அதில் எழுதி, காடிக்காரரிடமே கொடுத்துவிடுவேன், டேஷ்போர்டில் போட்டு வைக்கச் சொல்லி. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் அதே சூட்டில் திரும்ப அளந்து பாருங்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தால் ரோக்கர் நட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன, பயமில்லை. ஏழு அப்படியே இருந்து ஒன்று மட்டும் 0.30 வைத்த இடத்தில் 0.45 காட்டினால் கேமைக் குறை சொல்வதற்கு முன் கேப்பைச் சரிசெய்து நட்டை ஒருமுறை முடுக்கி, மறுபடி ஐம்பது கிலோமீட்டர். திரும்பவும் விரிந்தால் அந்த மூக்கு தேய்கிறது.

*நாலாவது காரணம் அதுதான்.* விரியும் கேப்பை விரிய விரிய முடுக்கிக்கொண்டே ஓட்டுவது இங்கே நிறையப் பேர் செய்வது. சத்தம் அடங்கும். ஆனால் தேய்ந்த இரும்பு எங்கே போகும்? ஆயிலோடு கலந்து கிராங்க் பேரிங்குக்குத்தான் போகும். ஒரு கேம் செலவோடு முடிய வேண்டியது முழு இஞ்சின் செலவாகிவிடும்.

போன வருடம் ஒரு தம்பி கேஇ70 கொண்டுவந்தான். முதல் ஸ்டார்ட்டை வீட்டு முன்னால் வைத்துச் செய்திருக்கிறான். டைமிங் லைட் பிடித்து, ஸ்லோ சரிசெய்து, பத்து நிமிடம் அப்படியே ஓடியிருக்கிறது. மூன்றாவது எக்ஸாஸ்ட் கேப் விரிந்துகொண்டே போனது. டேப்பட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். புது டேப்பட்டின் அடி கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே புடைத்திருக்கும். இது நாள்பட்ட அம்மி மாதிரி நடுவில் குழிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பக் கொடுத்தான். ஆயில் என்ன என்று கேட்டேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டப்பாவாம்.

உங்கள் டேப்பட்டைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: இரண்டின் அடிப்பக்கத்தை ஒன்றோடொன்று ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்ல ஆடினால் நல்லது. ஆடாமல் ஒட்டி நின்றால் அந்தப் புடைப்பு போய்விட்டது.

கோளாறு 4: புஷ்ரோட் சுழலவில்லை

சத்தம் வருவதற்கு முன்பே தெரியும் அறிகுறி இது ஒன்றுதான், அதனால் கேம் மாட்டியவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். தட்டை டேப்பட் மேலும் கீழும் போகும்போது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், கூடவே புஷ்ரோட்டும். சுற்றாத டேப்பட் ஒரே இடத்தில் உரசித் தேயும்.

ரோக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு புஷ்ரோட்டிலும் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் மெல்லச் சில சுற்று திருப்பினால் கோடுகள் கொஞ்சமாவது நகர வேண்டும். ஒன்று மட்டும் அசையவில்லை என்றால் அந்த டேப்பட் துளையில் இறுக்கமாக இருக்கிறது. அழுக்கோ பிசிரோ இருக்கும். எடுத்துத் துடைத்து, ஆயில் தொட்டு விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும்.

இஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டுமானால் கவர் இல்லாமல் ஆயில் முகத்தில் அடிக்கும். ஒரு பழைய கவரின் மேல்பகுதியை வெட்டி ஜன்னல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன், அதை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். முதல் நிமிடத்துக்குள் எட்டும் சுழல வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்தம், தயக்கம் வேண்டாம்.

டிரிஃப்ட் ஆசையில் கடினமான வால்வு ஸ்பிரிங் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்டை ஸ்பிரிங் என்றால் பழகும் நேரத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். அந்த அழுத்தத்தில் புதுக் கேமைப் பழக்க முடியாது. எட்டும் துடிப்பாகச் சுழன்ற கேம்கூட அப்புறம் தேய்ந்துபோய் வந்ததை இப்படிப்பட்ட காடிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

கோளாறு 5: ஆயிலில் மினுக்கு

அரை மணி கழித்து ஆயிலை இறக்கும்போது சாம்பல் நிறமாக வந்தால் பயந்துவிடாதீர்கள். அது மோலி பேஸ்ட். விரலுக்கு இடையே தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும்.

நரநரவென்று இருந்தால் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். டப்பாவின் விளிம்பை ரம்பத்தால் அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் தாளைக் கத்தியால் எடுத்து, நாளிதழின் மேல் விரித்து வெயிலில் கொஞ்ச நேரம் விடுங்கள். காய்ந்ததும் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே ஓட்டுங்கள். மாவு மாதிரிக் கொஞ்சம் ஒட்டினால் பழகும் தேய்மானம், அது எல்லா இஞ்சினிலும் உண்டு. மீன் செதில் மாதிரித் தகடு தகடாக ஒட்டினால் கேமோ டேப்பட்டோ போய்க்கொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பாகவோ மின்னினால் பேரிங். தகட்டையோ பேரிங் உலோகத்தையோ பார்த்தால் அதோடு நிறுத்திவிட்டு போமனைக் கூப்பிடுங்கள். சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி, ஆயில் வழி எல்லாம் கழுவாமல் இன்னொரு கேம் போட்டால் அதுவும் பிழைக்காது.

கோளாறு 6: கார்புரேட்டரில் 'டப்', ஒரு சிலிண்டர் இழுக்கவில்லை

பிளக், வயர், டைமிங் மூன்றையும் முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். பிளக் வயரை ஒவ்வொன்றாக இழுத்து, எந்தச் சிலிண்டரில் சத்தம் மாறவில்லை என்று கண்டுபிடியுங்கள். காப்பு போட்ட இடுக்கியால் இழுக்கவும், வெறுங்கை வேண்டாம்.

தீப்பொறியும் நல்லது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் கார்புரேட்டர் வழியாக ஒரே தாளத்தில் வெடிக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் மூக்கைச் சந்தேகியுங்கள். புகை வெளியேற வழி இல்லாமல் இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் பாய்கிறது. இன்லெட் மூக்கு தேய்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் சத்தமில்லாமல் சோர்ந்துபோகும், கம்ப்ரெஷனும் குறைவாகக் காட்டும்.

இரவல் வாங்கியாவது ஒரு டயல் கேஜ் வைத்து, புஷ்ரோட் பக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடும்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கால் மில்லி குறைந்தாலே என் கணக்கில் அந்தக் கேம் முடிந்தது. அடுத்து ஈப்போவில் உள்ள லேத் பட்டறைதான். கேமோடு எட்டு டேப்பட்டையும் கொண்டுபோங்கள். தேய்ந்ததை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்காதீர்கள், முடியாது.

கோளாறு 7: பழக்கும்போதே சூடு ஏறுகிறது

நின்ற இடத்தில் 2000ல் அரை மணி நேரம், அதுவும் நம் ஊர் மதிய வெயிலில். ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடைகளில் வைக்கும் பெரிய மின்விசிறியை ரேடியேட்டர் முன்னால் வைத்துவிட்டுத்தான் நான் சாவியைத் தொடுவேன். காலை ஏழு மணிக்குச் செய்தால் இன்னும் நல்லது.

முள் சிவப்பை நெருங்கினால் ஸ்லோவுக்கு இறக்கி ஆறவிடக் கூடாது, முழுதாக நிறுத்திவிடுங்கள். இடையில் நிறுத்துவதால் கேமுக்குக் கேடு இல்லை. பத்து நிமிடம் ஓடியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, ஆறியபின் மீதியை ஓட்டலாம். மறுபடி ஸ்டார்ட் ஆனதும் நேரே 2000. இந்த இடைவெளியில் தண்ணீர் அளவு, ஹோஸ் கிளிப், பெல்ட் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். கேம் மாற்றத் தண்ணீரை இறக்கியிருப்பார்கள், ஹீட்டர் ஹோஸில் காற்று அடைத்திருக்கும், மேல் ஹோஸைப் பிசைந்தால் குமிழி வரும். தெர்மோஸ்டாட் அடுத்த சந்தேகம். இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீரில் குமிழி ஓயாமல் கிளம்பினால் ஹெட் கேஸ்கெட், அது பட்டறை வேலை.

கப்சாய் ஓட்டுபவர்களுக்கு

இஎக்ஸ்5 மாதிரி மோட்டார் சைக்கிளில் கேம் ஹெட்டில் இருக்கிறது. ரோக்கரும் அதன் மேல் உரசித்தான் ஓடுகிறது, அதனால் கேம் மாற்றினால் ரோக்கரையும் மாற்றுங்கள். ஆனால் மேலே சொன்ன லோரி ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். கிளட்ச் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கிறது. டப்பாவில் அப்படிப்பட்ட கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ குறி இருக்க வேண்டும். ரப்பர் லைனில் ஏற்றம் ஏறும்போது இஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் ஆயில் டப்பாவைத்தான்.